நாற்பத்தோராம் பாகம்

அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது எங்கள் ஜப்பானியப் பேய்ப் படக்கதைத் தொடரான மங்காவையும் பங்கு போட்டார்கள். ஒற்றைப்படைப் பாகங்கள் மந்தைவெளியில், அப்பாவோடு இருக்கும் அண்ணனுக்கு. இரட்டைப்படை வேளச்சேரியில் எனக்கு. புதிதாக வந்தவற்றையும் அப்படியே வாங்கினோம். புத்தகம் மாற்ற மட்டும்தான் அம்மா என்னை ரயிலேற விடுவாள்.

நாயகனின் தாயைக் கொன்றது வீட்டில் ஒருவர்தான். யாரென்று கடைசிப் பாகத்தில் தெரியும். அது அண்ணனிடம் இருந்தது. வாராவாரம் "மறந்துட்டேன்" என்றான்.

இன்று ஸ்டேஷனிலேயே அவன் பையைப் பிடுங்கித் திறந்தேன். புத்தகம் உறை பிரிக்காமல் உள்ளே கிடந்தது.

"இன்னா திமிரு உனக்கு? கையில வச்சிக்கினே இல்லைன்னு சொல்லுவியா?"

அவனும் கத்தினான். "குடுத்துட்டா, அடுத்த வாரம் அம்மாகிட்ட இன்னா சொல்லிக்கினு வருவ?"