ஆள் வரும்வரை வாசிப்பது

1

இந்தக் கதை எனக்கு மேலிருந்து கிடைத்தது. அருள் ஒன்றுமில்லை, மூன்றாவது மாடி. நான் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். இஸ்தான்புல்லில் காதிக்கோய் பக்கம் எங்கள் கட்டடம் பழையது. மேல்வீட்டில் ஸ்பூன் விழுந்தால் எனக்குத் தெரியும்.

மேல்வீட்டில் இருப்பவர்கள் ஹிதிரும் அவன் மனைவி குலிஸாரும். அவன் சாஸ் வாசிப்பான், நீளக் கழுத்துள்ள தந்தி வாத்தியம். அவள் பாடுவாள். துருக்கியின் உள்நாட்டில், சிவாஸ் பக்கத்துப் பாட்டுகள். கொஞ்ச நாளாக மேலே சாஸ் மட்டும்தான் கேட்கிறது. கதை அங்கேதான் பிறந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பாஸ்பரஸ் நீரிணையின் இரு கரைகளைப் போல, நாட்டுப்பாட்டும் ஜாஸும்…’ இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரிடமும் கைவசம் இருக்கும் வாக்கியம். இங்கே தினமும் அந்தத் தண்ணீரைத் தாண்டுகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். கையில் எள்ளு ரொட்டி வைத்திருப்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

அடுத்து: ‘ஹிதிர் பிடிவாதக்காரன், ஆனால்…’

ஆனாலுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

2

அவர்கள் பாட்டில் ஒரு முறை உண்டு. நீண்ட பாட்டுக்கு முன்னால் சாஸ் தனியாகத் திறக்கும். அதற்குத் தாளம் கிடையாது, அளவும் கிடையாது. பாடுகிறவருக்கு மனசு வரும்போது எடுப்பார். அதுவரை வாசிக்கிறவன் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் மரியாதைக் குறைவு.

கல்யாண வீடுகளில் குலிஸார் தேநீரைக் குடித்து முடித்து, பக்கத்திலிருப்பவளிடம் புது மருமகள் எப்படி என்று விசாரித்துவிட்டுப் பாட்டை எடுத்ததும் உண்டு. ஹிதிர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.*

* என் மனைவி இதை இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

3

எர்தெம் பியானோக்காரன், சின்ன வயசு. ஹிதிரோடு சேர்ந்து சிவாஸ் பாட்டையும் ஜாஸையும் ஒன்றாக்க ஆசைப்பட்டான். தேர்ந்தெடுத்தது குலிஸாரின் ஒப்பாரி. சுரங்கத்தில் போன தம்பிக்காக அவளே கட்டியது.

ஒத்திகை மேல்வீட்டில்தான் நடந்தது. எர்தெம் சின்னக் கீபோர்டு ஒன்றைத் தூக்கி வந்திருந்தான். இத்தனை சுற்று ஆனதும் தலையாட்டுவேன், அப்போது நீங்கள் எடுக்க வேண்டும் என்று குலிஸாரிடம் விளக்கினான். ரொம்பப் பணிவாகத்தான் சொன்னான். அவன் போன பிறகு மேலே சத்தம் கேட்டது.

“என் தம்பி செத்ததுக்கு நான் அழணும்னா இந்தப் பையன் தலையாட்டணுமா?”

“முப்பது வருஷமா அந்தப் பாட்டு அந்தரத்துல நிக்குது, குலிஸார். இப்பத்தான் பியானோவுல அதுக்குக் கீழ ஒரு தரை கேக்குது.”

“தரை வேணும்னு நான் கேட்டேனா?”

அதற்கப்புறம் அவள் ஹிதிரோடு பாடவே இல்லை. வெளியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. வேளாவேளைக்குத் தேநீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள். ஹிதிருக்கு ஜாஸும் வேண்டும், அவளும் வேண்டும். இந்தக் கதையில் அவனுக்கு இருக்கும் கஷ்டம் இவ்வளவுதான். அவனுக்கு இது போதும்.

[எர்தெமை வில்லனாக்கிப் பார்த்தேன். கழுத்துத் துண்டு, மெல்லிய கண்ணாடி எல்லாம் கொடுத்தேன். சரிவரவில்லை. அந்தப் பாட்டின் ஒரு சுரம் பியானோவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிறது. கை தவறிக்கூட அதைக் கெடுத்துவிடக் கூடாதென்று இரண்டு கட்டைகளின் மேலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். பிளாஸ்திரி ஒட்டுகிறவனை வெறுப்பது கடினம்.]

4

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சின்ன அரங்கு. குலிஸாரின் குரலுக்குப் பதிலாக இபெக் என்ற பெண் சாக்ஸபோன் வாசிப்பதாக ஏற்பாடு.

ஹிதிர் சாஸைத் திறந்தான். கடைசி மேசையில் குலிஸார் உட்கார்ந்திருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை, கைப்பை மடியில் இருந்தது. ஹிதிர் அவளைப் பார்த்துவிட்டான். எர்தெம் தலையாட்டினான். இபெக் சாக்ஸபோனை வாயில் வைத்தாள். ஹிதிர் இடம் கொடுக்கவில்லை, வாசித்துக்கொண்டே போனான்.

முடிவு அ: குலிஸார் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாட்டை எடுக்கிறாள். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே நீக்கிவிட்டேன்.

முடிவு ஆ: அவள் எழுந்து போகிறாள். எழுதும்போது ஹிதிரின் முகம் பக்கம் நான் போகவில்லை. கோழைத்தனம், இதையும் நீக்கினேன்.

முடிவு இ: இபெக் மெதுவாக…

எப்படி எழுதினாலும் குலிஸார் என் தலையாட்டலுக்குத்தான் பாடுகிறாள், அல்லது போகிறாள். எர்தெமாவது பணிவாகக் கேட்டான்.

5

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்று அவள் வரவே இல்லை. கடைசி மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தது என் கோட்டு. கதையில் அவளை அங்கே உட்கார வைத்தது நான்தான். ஆளில்லாத அந்த நாற்காலியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஹிதிர் வாசல் கதவைப் பார்த்தபடி வாசித்தான். டிரம்ஸ்காரன் குச்சிகளைக் கீழே வைத்தான். இபெக் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டாள். எர்தெம் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டான். மொத்த நிகழ்ச்சியும் தொடக்கமாகவே முடிந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எர்தெம் அவனைக் கட்டிக்கொண்டான். “அண்ணே, இதுதாண்ணே ஜாஸ்.”

“ஜாஸ் இல்ல தம்பி,” என்றான் ஹிதிர். “ஆள் வரல.”

6

நேற்று எர்தெம் மேல்வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். மேலே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நேரம் வாசிச்சான்?” என்று மட்டும் கேட்டாள்.

“கடைசி வரைக்கும், அண்ணி.”

குழாய் நின்றது.

இன்று, இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, மேலே ஹிதிர் சாஸைத் திறந்திருக்கிறான். ஒப்பாரிதான், அதே தொடக்கம். குலிஸாரின் செருப்புச் சத்தம் அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்தது. சரியாக என் தலைக்கு மேலே நின்றுவிட்டது.

அவன் வாசித்துக்கொண்டே இருக்கிறான். அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

கதைக்கு முடிவு வேண்டும் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. எனக்கும் வேண்டும். பேனாவை மூடிவிட்டேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் இருங்கள். தயவுசெய்து யாரும் தலையாட்ட வேண்டாம்.