கரண்ட்காரர் குரல்

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த உடம்பைக் கூடத்துப் பெஞ்சில் இறக்கி, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து நிமிர்வதற்குள், செத்தவரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

யாரும் கை வைக்கவில்லை. கால்மாட்டில் நின்ற கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள்தான் குனிந்து, இன்னும் முழுதாகக் குளிர்ந்துவிடாத மார்பின் மேலிருந்து போனை எடுத்தாள். எடுத்த வேகத்தில் கட்டைவிரல் பழக்கதோஷமாகப் பச்சையை அழுத்திவிட்டது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"கரண்ட் வந்திருச்சுங்க. மோட்டாரைப் போடவா? போடறதுன்னா ஒன்னை அழுத்துங்க."

அதே நொடியில் வாசலில் ஒரு போன் அடித்தது. பிறகு இன்னொன்று. தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்தவர்களின் மடியிலும் பையிலும் ஒவ்வொன்றாக அடித்து, அவசரத்தில் எடுத்தவர்களின் கைகளிலிருந்து ஒரே குரல் கொஞ்சம் முன்னும் பின்னுமாகக் கேட்டது. கரண்ட் வந்திருச்சுங்க. கரண்ட் வந்திருச்சுங்க. கூடத்தில் வாய் மூடிக் கிடந்தவரின் குரல்.

முன்வரிசையில் இருந்த தோப்புக்காரர், "போடு தம்பி, போடு" என்று சொல்லி ஒன்றை அழுத்திவிட்டார். அழுத்திய பிறகுதான் பெஞ்சைப் பார்த்தார். போன் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து, "சரிங்க, போட்டாச்சு" என்றது.

மோட்டார் கரண்ட் முறை வைத்து வருகிற இடம் அது. எப்போது வரும், எப்போது போகும் என்று காத்துக் கிடந்தே விவசாயியின் பாதி ஆயுள் போய்விடும். அதற்குத்தான் அவர் அந்தப் பெட்டியைச் செய்தார். கிணற்றடியில் மாட்டிவிட்டால் கரண்ட் வந்ததும் பட்டறையில் இருக்கும் மெஷினுக்குச் சொல்லும். மெஷின் ஆளைக் கூப்பிட்டுக் கேட்கும். கிணறு வற்றினால் நிறுத்தவா என்றும் கேட்கும். பெரிய கம்பெனிக்காரன் இதையே ஒரு பெண் குரலில் விற்றுப் பார்த்தான். "ரேடியோக்காரி மாதிரி பேசறா. நம்ம மோட்டாரைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?" என்று ஒருத்தரும் வாங்கவில்லை. இவர் தன் குரலையே ஏற்றினார். இருமல் வந்த இடத்தில் இருமலையும் அப்படியே விட்டார். அடுப்படி மேஜையில் ஆரம்பித்த வேலை, வீட்டை ஒட்டி ஒரு கொட்டகையாகி, வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பெட்டிகளுக்கு ஈயம் பற்றவைக்கும் பட்டறையானது. அவருக்குக் கரண்ட்காரர் என்று பேரும் ஆனது.

தோப்புக்காரர் போனைத் துடைத்துப் பையில் போட்டார்.

"நாளைக்கே அந்தப் பெட்டியக் கழட்டிடணும்ப்பா. கொழந்த குட்டி இருக்கிற வீடு. தெனம் ரெண்டு வாட்டி செத்தவன் கூப்பிட்டா தாங்குமா?"

"எங்க வீட்டுலயும் கொழந்தைக இருக்குங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர். "நானும் கழட்டத்தான் போறேன்."

கூடத்தில் அவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. அழுகை அப்படியே நின்றுபோனது. ஒருவர் கழற்றினால் ஊரே கழற்றும். அப்புறம் பட்டறை ஏது, அந்தப் பெண்களுக்கு வேலை ஏது, தனக்குத்தான் என்ன இருக்கிறது? இத்தனை வருஷம் அவர் ராப்பகலாக உட்கார்ந்து செய்தது மொத்தமும் இந்த ஒரு சாவோடு சேர்ந்து புதைந்துவிடும். அவளுக்குத் துக்கத்தைவிடப் பயம் பெரிதாக வந்தது. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

கொழுந்தன் அருகில் வந்து குனிந்தான். "அண்ணி, மெஷின நிறுத்திடட்டுமா?"

"நிறுத்திட்டு? தண்ணியில்லாம மோட்டார் ஓடி எரிஞ்சா யாரு பதில் சொல்றது? மறுபடி எப்ப வரும் கரண்ட்டு?"

"இப்ப போயிட்டு சாயங்காலம் வரும்."

"அதுக்குள்ள குரல மாத்தணும்."

"நான் பேசிடறேன் அண்ணி."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ இப்ப பேசினதே அவரு பேசின மாதிரிதான் இருக்கு. கூடப் பொறந்த தொண்டை. நீ பேசினா அங்க ரெண்டு பேரு மயக்கம் போட்டு விழுவாங்க."

அவன் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "புதுசு ஏத்தினா பழசு அழிஞ்சிடும் அண்ணி. வேற எங்கயும் எடுத்து வெச்சுக்கல அவரு. எடுத்து வெக்கவும் அவருக்குத்தான் தெரியும்," என்றான்.

"தெரியும்" என்று எழுந்தாள்.

கூடத்தைத் தாண்டும்போது பின்னால் யாரோ, "எங்க போறா இவ?" என்றார்கள். "புருசன அப்பிடியே போட்டுட்டுக் கடை தெறக்கப் போறா" என்று இன்னொரு குரல் சொன்னது. சொல்லட்டும். சொல்கிறவர்கள் நாளைக்கு வந்து சோறு போடப் போவதில்லை.

பட்டறையில் ஆளில்லை. காலையில் அவர் பாதி குடித்து வைத்த டீ, மேலே ஆடை கட்டி அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில்தான் அவர் தலை சாய்ந்துகிடந்ததைப் பார்த்தாள். அதில் உட்காராமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மெஷினின் முன்னால் உட்கார்ந்தாள். மெஷினின் பச்சை விளக்குகள் எப்போதும்போல் மினுங்கின. அதற்கென்ன, அதற்கு இன்னும் சேதி தெரியாது.

குரல் ஏற்றுகிற வேலை அவளுக்குத் தெரிந்ததுதான். மெஷின் முதலில் பழையதைச் சொல்லிக் காட்டும். பிறகு ஒரு மணி. மணிக்குப் பின் நாம் பேசவேண்டும்.

"கரண்ட் வந்திருச்சுங்க. மோட்டாரைப் போடவா?"

மணி அடித்தது. அவள் வாய் தன்னால், "போடுங்க" என்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை வார்த்தை சரியாக வந்தது. நடுவில் அழுகையும் வந்தது. மெஷின் அந்த அழுகையை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னது. அழுகிற குரலில் மோட்டாரைப் போடவா என்று கேட்டால் இன்றைக்கே பெட்டி கழன்றுவிடும். சிரித்துக்கொண்டே பேச வேண்டும், சிரிப்பு காதுக்குத் தெரியும் என்று அவர் பற்றவைக்கும் பெண்களிடம் சொல்வார். வாடிக்கையாளர் போன் பண்ணினால் அவர்களும் அப்படித்தான் பேசுவார்கள்.

அவள் சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தை இழுத்துப் பிடித்து, பல் தெரிய, மெஷினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கரண்ட் வந்திருச்சுங்க. மோட்டாரைப் போடவா?"

ஏறிவிட்டது. அந்த வாசகத்தில் இனி அவர் இல்லை. தலை திருப்பியபோது வாசற்படியில் நாத்தனார் நின்றிருந்தாள். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள். கையில் இருந்த பையை இன்னும் கீழே வைக்கவில்லை. தம்பி பொண்டாட்டியின் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். அவளைக் கூப்பிட்டு விளக்கம் சொல்ல இது நேரமில்லை.

ஒவ்வொன்றாக நடந்தது. தண்ணி வத்திருச்சுங்க, நிறுத்தவா என்று அவர் கேட்டார். அதையே இவள் கேட்டாள். சரிங்க, நிறுத்தியாச்சு என்றார், இவளும் சொன்னாள். ஒரு வாசகத்தில் அவர் இருமினார். "மருந்து குடிங்கன்னா கேட்டீங்களா?" என்று அவள் வாய்விட்டே திட்டினாள். மணி அடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். பேசினாள். இருமல் போயிற்று.

கடைசியில் ஒன்று வந்தது.

"எடுக்கலையா? சரி, தூங்குங்க. நானே நிறுத்திக்கறேன்."

தண்ணீர் வற்றி, மெஷின் கூப்பிட்டு, ஆள் போனை எடுக்காமல் போனால் வருகிற வாசகம். இதற்காக அவரோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறாள். எடுக்காதவன் காதில் எப்படி விழும், யாருக்காகப் பேசி வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "அந்த எடம் காலியா இருக்குடி. காலியா விட்டா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு," என்றார். மெஷின் அதை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வருஷமாக ஒருத்தர் கேட்டதில்லை.

மணி அடித்தது. அவள் பேசவில்லை. மெஷின் கொஞ்சம் பார்த்துவிட்டு, பழையதே இருக்கட்டும் என்று தானே மூடிக்கொண்டது. யாருக்கும் கேட்காத குரலால் யாருக்கும் பயமில்லை.

சாயங்காலம் உடம்பைத் தூக்க ஆட்கள் தயாரானபோது கரண்ட் வந்தது. போன்கள் அடித்தன. எல்லாரும் பாம்பைப் பிடித்ததுபோல் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தோப்புக்காரர்தான் முதலில் எடுத்தார்.

"அட, நம்ம கரண்ட்காரர் வீட்டம்மா!"

அவர் ஒன்றை அழுத்தினார். பார்த்துவிட்டு மற்றவர்களும் அழுத்தினார்கள். வயல்களில் ஒன்றன்பின் ஒன்றாக மோட்டார்கள் எழும்புகிற சத்தம் கேட்டது. தோப்புக்காரர் கூடத்து வாசல்வரை வந்து, "அம்மா, பெட்டி இருக்கட்டும்மா," என்றார். அவள் தலையாட்டினாள். வீட்டுக் கிணற்றின் பெட்டி கூப்பிட்டபோது, அவர் போனில் அவளே தன் குரலைக் கேட்டு, அவளே ஒன்றை அழுத்தினாள். நாத்தனார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

காடுவரை போய்த் திரும்பியவர்கள் பின்கட்டுக் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு, சொல்லியும் சொல்லாமலும் கிளம்பிப் போனார்கள். கூடம் பெரிதாகிவிட்டது. அவள் வெறும் பெஞ்சின் ஓரத்தில் அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

மடியில் போன் அடித்தது. அப்போது போட்ட மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க, அத்தனை பேரும் கழுவினால் கிணறு வற்றாமல் என்ன செய்யும்? எடுத்தால் தன் குரல்தான், சிரித்துக்கொண்டே கேட்கும்.

"அண்ணி, போன் அடிக்குது" என்றான் கொழுந்தன் உள்ளேயிருந்து.

"அடிக்கட்டும்."

முழுசாக அடித்து ஓய்ந்தது. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு ஆள் பேசி முடிக்கிற அளவுக்குக் காத்திருந்தாள். வீட்டுக்குப் பின்னால் மோட்டார் நின்றது.