ஆறு இட்லி

ஆஸ்டின் விழுந்த சத்தம் கேட்டபோது ஜோசலின் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாளிதான் கவிழ்ந்தது என்று நினைத்தாள். வாரத்தில் பள்ளிக்கூடம் இல்லாத நாளே ரெண்டு, அதிலும் இந்தச் சனிக்கிழமை பார்த்து மோட்டார் ரிப்பேர். காலையிலிருந்து கீழே சம்பிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார் மனிதர். எதையாவது உருட்டாமல் ஒரு வேலை செய்யத் தெரியாதா என்று முனகிக்கொண்டே உள்ளே வந்தாள். வாளி அதன் இடத்தில்தான் இருந்தது. வாஷ் பேசினுக்கு அடியில் கிடந்தது ஆஸ்டின்.

கண் பாதி திறந்திருந்தது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. "ஏங்க, ஏங்க" என்று கன்னத்தில் தட்டினாள். பதில் இல்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு நிமிஷம்தான் ஜோசலினுக்குப் பயம். அதற்கப்புறம் வந்ததெல்லாம் எரிச்சல்.

பின்னே என்ன? பக்கத்து போர்ஷன் சாம்பசிவன் சத்தம் கேட்டு ஓடிவந்தார். வந்தவர் காலைப் பிடித்துத் தூக்க உதவுவார் என்று பார்த்தால், கையில் சாவிக்கொத்து. "இது இரும்பு, டீச்சர். இதைக் கையில குடுங்க, தெளிஞ்சிடும்" என்றார். "வலிப்பு இல்ல சார் இது" என்று மூன்று தடவை சொல்லியும் ஆஸ்டினின் விரல்களுக்குள் சாவியைத் திணிப்பதிலேயே குறியாக இருந்தார். சபைச் செயலாளர் ஏசுபாதத்திடம் கார் இருக்கிறதே என்று போன் செய்தால், "ஐயோ சிஸ்டர், உடனே குரூப்ல ஜெபக் குறிப்பு போட்டுடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். கார் என்ற வார்த்தை அவர் காதில் விழவே இல்லை. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் என்றார்கள். கடைசியில் தெருமுனை ஆட்டோக்காரர் மகேஷ்தான் மாடி ஏறி வந்து, ஒரு கை கொடுத்து ஆஸ்டினைத் தூக்கினார்.

"சாருக்கு இன்னாம்மா ஆச்சு? நேத்துகூட நல்லா பேசிக்கினு போனாரே" என்றார்.

"அதுதான் எனக்கும் தெரியணும்."

"கேம்ப் ரோடு பேஜாரா கீது. உள்ளால பூந்து போறேன், கெட்டியா புட்ச்சிக்கோ."

செம்பாக்கம் ஏரியோரம் ஆட்டோ குலுங்கிக்கொண்டு போக, மடியில் கிடந்த தலையைப் பிடித்தபடி ஜோசலின் மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். மாத்திரை? ஏழரைக்குப் போட்டார். அவருக்குச் சர்க்கரை வந்த இந்த மூன்று வருஷமாக, தினமும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பது அவள் வழக்கம். சாப்பாடு? ஆறு இட்லி. தட்டில் அவள்தான் வைத்தாள். "மாடியில காத்தாட சாப்பிடறேன்" என்று எடுத்துக்கொண்டு போனார். லெந்து காலம்தான், ஈஸ்டர் வரை சபையில் பாதிப் பேர் காலை உபவாசம் இருக்கிறார்கள்தான். ஆனால் சர்க்கரை வந்த அன்றைக்கே அந்தப் பேச்சுக்கு அவள் முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள். அவரும் தலையாட்டிவிட்டார். அப்புறம் எங்கே வந்தது கோளாறு?

நர்சிங் ஹோமில் விரலைக் குத்திப் பார்த்ததும் டாக்டர் ஹர்ஷாவின் முகம் மாறியது. சர்க்கரை நாற்பத்தெட்டு. அவசரமாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிஷத்தில் ஆஸ்டின் கண்ணை உருட்டி விழித்து, "மோட்டார்காரன் வந்தானா?" என்று கேட்டார். ஜோசலினுக்கு அழுகையும் வந்தது, அவரை நாலு சாத்து சாத்தலாமா என்றும் வந்தது.

"காலையில என்ன சாப்பிட்டாரு?" என்றார் டாக்டர். பிளஸ்ஸி வயசுதான் இருக்கும், அவர்கள் மகள் வயசு.

"ஆறு இட்லி."

"நிச்சயமா?"

"நானே வெச்சுக் குடுத்தேன் டாக்டர்."

"சார், சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேனே" என்றார் ஆஸ்டின், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்து.

டாக்டர் பேனாவை மூடினார். "ஆறு இட்லி சாப்பிட்டவருக்கு நாலு வாளி தண்ணி தூக்கினதுல இவ்வளவு இறங்காது மேடம். அப்ப வேற எங்கயோ பிரச்சனை. கிட்னி பாக்கணும், வயித்து ஸ்கேன் எடுக்கணும். பழைய ரிப்போர்ட் எல்லாம் கொண்டு வாங்க. காரணம் தெரியாம வீட்டுக்கு அனுப்பினா மறுபடி விழுவாரு. நீங்க வீட்ல இல்லாத நேரமா இருந்தா?"

வாரத்தில் ஐந்து நாள், காலை ஏழேமுக்காலிலிருந்து சாயங்காலம் நாலரை வரை, ஜோசலின் வீட்டில் இல்லாத நேரம்தான். ரயில்வே ஆபீசில் ரிட்டயர் ஆன மனிதர், தனியாக, வாஷ் பேசினுக்கு அடியில். ரிப்போர்ட் எடுக்கக் கிளம்பும்போது குனிந்து, "உண்மையைச் சொல்லுங்க, தலை சுத்தல் ஏதாவது முன்னாடியே இருந்துச்சா?" என்றாள். அவர் மறுபடியும் ஃபேனைப் பார்த்தார். இந்த மனிதரோடு முப்பத்தோரு வருஷம் எப்படித்தான் ஓட்டினோமோ என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தாள். ஆஸ்டினுடைய ஃபைல் மேல்தட்டில், ஆபீஸ் பழக்கப்படி வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி இருந்தது. அதை இழுத்தபோது, புடவைகளுக்கு அடியில் அவள் செருகி வைத்திருந்த இன்னொரு ஃபைலும் சரிந்து விழுந்தது. அதிலும் வெள்ளை நூல். அவள் எதையும் நூல் போட்டுக் கட்டுகிறவள் இல்லை. ஆனால் அதைப் பற்றி யோசிக்க இப்போது நேரமில்லை. அந்த ஃபைலைப் பற்றி ஜனவரியிலிருந்தே யோசிக்க அவளுக்கு நேரமில்லை. புடவைக்கு அடியில் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

மாற்று வேட்டி மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுக்கப் போனாள். கைப்பிடிச் சுவரில் பத்துப் பன்னிரண்டு காக்கைகள். அவளைக் கண்டு பறக்கவில்லை. எதிர்பார்த்த ஆள் வரவில்லை என்கிற மாதிரி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. தண்ணீர்த் தொட்டி நிழலில் காலை இட்லித் தட்டு. தட்டு காலி. ஓரத்தில் சட்னிக் கிண்ணம், வைத்தது வைத்தபடி ஏடு கட்டி இருந்தது.

சாம்பசிவன் துளசித் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "சார் எப்படி இருக்கார் டீச்சர்? நல்ல மனுஷன். உங்கள்லயும் காக்காவுக்கு வைக்கிற வழக்கம் உண்டான்னு கேக்கணும்னு இருந்தேன். எங்க வீட்ல அமாவாசைக்கு அமாவாசைதான். சார் ஒரு மாசமா தினம் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைக்கிறாரு. ஒன்பது மணியானா இதுங்க என்னையே மிரட்டுது."

"ஒரு மாசமா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல."

ஜோசலின் தட்டைக் கையில் எடுத்தாள். லெந்து கால உபவாசத்தில் ஞாயிற்றுக்கிழமை சேராது. சமையலறைக்குப் போய் நாலு இட்லி சூடுபண்ணி டப்பாவில் போட்டாள். போட்ட வேகத்தில் ஒன்று உடைந்தது.

நர்சிங் ஹோமில் ஆஸ்டின் தலையணையில் சாய்ந்திருந்தார்.

"காக்காயெல்லாம் உங்களை விசாரிச்சுது" என்றாள்.

ஆஸ்டின் கண்ணை மூடிக்கொண்டார்.

"உபவாசம் இருக்கறவர் மாத்திரையை மட்டும் எதுக்குங்க போட்டீங்க? வெறும் வயித்துல அதைப் போட்டா என்ன ஆகும்னு தெரியாதா?"

"நீ அட்டையைப் பாப்பியே."

அவளுக்கு வந்த கோபத்தில் டப்பாவை மேசையில் டங்கென்று வைத்தாள். "ஏன், என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நீ கத்துவ. உபவாசம் ஊருக்குச் சொல்லிட்டு இருக்கறதும் இல்ல."

"நான் ஊரா? அப்படி என்னங்க குறை நமக்கு? பிளஸ்ஸிக்கு வேலை கெடைச்சாச்சு. பென்ஷன் வருது. யாருக்காகப் பட்டினி கிடந்தீங்க?"

அவர் போர்வை நுனியிலிருந்து ஒரு நூலை இழுத்து விரலில் சுற்றினார். ஜோசலின் அந்த நூலைப் பார்த்தாள். பீரோவில் சரிந்து விழுந்த ஃபைல் ஞாபகம் வந்தது.

"ஆதார் கார்டு தேடினேன். அப்ப பாத்தேன்" என்றார்.

ஜோசலின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பட்டினி கிடந்தா கட்டி கரையுமா? படிச்ச மனுஷன் செய்யற வேலையா இது?"

"கட்டியை டாக்டருங்க பாத்துப்பாங்க." அவர் குரல் இறங்கியது. "நீ என்கிட்ட வாய் திறந்து சொல்லணும்னுதான் உபவாசம் இருந்தேன், ஜோசலின்."

பால் பாக்கெட்டை வெளியே வைத்ததற்கு, குழாயைச் சொட்ட விட்டதற்கு, செருப்பை நடுவில் கழற்றியதற்கு, எல்லாவற்றுக்கும் வாய் ஓயாமல் பேசுகிறவள் அவள். இதை மட்டும் பரீட்சை முடியட்டும், பேப்பர் திருத்தி முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். அவர்மேல் வந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதைக் காட்ட இப்போது அவளுக்கு முகம் இல்லை.

டாக்டர் ஹர்ஷா உள்ளே வந்து பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார். ஜோசலின் புருஷனையே பார்த்தாள். ஆஸ்டின் ஃபேனைப் பார்த்தார், அப்புறம் டாக்டரைப் பார்த்தார்.

"நான் சாப்பிடல டாக்டர். ஒரு மாசமா காலையில சாப்பிடல. மாத்திரை மட்டும் போட்டேன்."

டாக்டர் திட்டியது பக்கத்து வார்டு வரை கேட்டிருக்கும். அத்தனையையும் ஆஸ்டின் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். கிட்னியும் வேண்டாம் ஸ்கேனும் வேண்டாம், முதலில் சாப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

ஜோசலின் டப்பாவைத் திறந்தாள். உடைந்த இட்லியிலிருந்து ஒரு துண்டு எடுத்தாள். அவர் வாயருகே நீட்டினாள்.

"ஏங்க, எனக்கு மார்புல ஒரு கட்டி இருக்குங்க" என்றாள். "ஜனவரியில பாத்தாங்க. ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் பண்ணணும்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் யார்கிட்டயும் சொல்லல."

இப்போதுதான் முதல்முறையாகக் கேட்பவர் மாதிரி ஆஸ்டின் அதைக் கேட்டார். "திங்கக்கிழமை லீவு போடு. ரெண்டு பேரும் போலாம்" என்றார்.

அப்புறம் வாயைத் திறந்தார்.