குழாய் மரையில் சிவப்பு ஈயம்

பீர் காய்ச்சும் பானையைக் கழுவலாம் என்று அதன் அடியில் பொருத்திய குழாயைக் கழற்றிய போஹ்தானாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மரையைச் சுற்றிச் சணல். சணல் மேல் செங்கல் நிறத்தில் பசை. அவள் சுற்றுவது உணவுச் சாமான்களுக்கென்றே விற்கிற வெள்ளை டேப். இது கீழ் வீட்டில் இருக்கும் அக்கா புருஷன் ஸ்பினெக்கின் கைங்கரியம். ஓய்வுபெற்ற பிளம்பர். ப்ரெரோவ் ஊரில் தன் கை படாத குழாய் இல்லை என்பது அவர் பெருமை. கூப்பிடாத வீட்டிலும் கை வைப்பார் என்பது ஊர் பட்ட பாடு.

அந்தப் பசை என்னவென்று அவளுக்குத் தெரியும். சிவப்பு ஈயம். அந்தக் காலத்தில் அறையைச் சூடாக்கும் குழாய்களுக்குப் பூசியது. அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. இந்தப் பானையில் போன மாதம் காய்ச்சியதோ, ஸ்பினெக்கின் மகள் வெந்துலாவுக்கான கறுப்பு பீர். பிள்ளை பெற்றவளுக்குக் கறுப்பு பீர் கொடுத்தால் பால் ஊறும் என்பார்கள். வேண்டாம் என்று டாக்டர் தலைகீழாக நின்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள். போதை ஏறாதபடி போஹ்தானாதான் லேசாகக் காய்ச்சியிருந்தாள். ஈயம் தாய்ப்பாலிலும் இறங்கும். நல்லவேளை, முதல் புட்டியை இன்றைக்குத்தான் திறப்பதாக ஏற்பாடு.

குழாயும் கையுமாகக் கீழே இறங்கினாள். மேசையில் வாத்துக் கறியிலும் மாவுருண்டையிலும் ஆவி பறந்தது.

“அத்தான், இதுல என்னத்தப் பூசினீங்க?”

“ஒழுகிட்டிருந்துச்சு. போன தடவ காய்ச்சுறதுக்கு முன்னாடி, நீ ஊர்ல இல்லாதப்ப அடைச்சு விட்டேன். சந்தோஷப்படுவியா, மொறைக்கிறியே.”

“நான் கேட்டேனா?”

“கேட்டாத்தான் செய்யணுமா? நம்மாளுங்க கை தங்கக் கைன்னு சும்மாவா சொன்னாங்க? எங்கப்பா காலத்து டப்பா. இப்ப அந்த மாதிரி சரக்கு காசு குடுத்தாலும் கெடைக்காது.”

“கெடைக்காது. ஏன்னா அது ஈயம். கொதிக்கிறதுல கரைஞ்சு எறங்கும்.”

“ஆயுசு பூரா இந்தக் கையால தொட்டிருக்கேன். செத்தா போயிட்டேன்? போய் உக்காரு, கறி ஆறுது.”

தெரியாமல் செய்தவனைப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்துகொள்ளவே மாட்டேன் என்பவனை என்னதான் செய்வது? போஹ்தானா மேசையில் எடுத்து வைத்திருந்த கறுப்பு பீர்ப் புட்டியைத் திறந்து கோப்பை நிறைய ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“குடிங்க.”

ஸ்பினெக் பாதியைக் குடித்து மீசையைத் துடைத்தார். “அருமையா இருக்கே.”

“மீதிய உங்க பொண்ணுக்குக் குடுங்க.”

அப்போதுதான் உள்ளறையிலிருந்து வந்த வெந்துலா மார்பில் பிள்ளையை அணைத்தபடி மறு கையை நீட்டினாள். ஸ்பினெக்கும் நீட்டினார். அவள் கோப்பையைப் பிடித்துவிட்டாள், அவர் விடவில்லை. அவர் கண் பேரப்பிள்ளை மேல் இருந்தது.

“இன்னிக்கு வேணாம்மா” என்றார்.

“என்னப்பா புதுசா? நீங்கதானே தெனம் நிலவறையிலேர்ந்து எடுத்தாந்து தர்றீங்க. சித்திகிட்ட சொல்லாதேன்னு.”

ஸ்பினெக்குக்கு முகம் செத்துவிட்டது. போஹ்தானா ஒரு கணம் அவரை அறைந்துவிடுவாள் போலிருந்தது. அறையவில்லை. கார் சாவியை எடுத்தாள்.

“வெந்துலா, பிள்ளையத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறோம், ரெண்டு பேருக்கும் ரத்தம் பாக்கணும்.”

ஸ்பினெக்கும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“நீங்க வராதீங்க அத்தான்” என்றாள். “உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே என்னால வண்டிய ஒழுங்கா ஓட்ட முடியாது.”