ஸ்டோல்ட் வாசலைத் தாண்டிய வெள்ளிக்கிழமை

யோஹான் ஸ்டோல்ட் 1857ஆம் ஆண்டு பெப்ரவரியில் இறந்து, வியாழக்கிழமை அடக்கமாகி, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒஸ்லோவிலிருந்த தன் மருந்தகத்தை வழக்கம்போலத் திறந்தார். இருபத்திரண்டு வயதில் லூபெக்கிலிருந்து பித்தளைத் தராசு ஒன்றோடு கப்பலேறி வந்த ஜெர்மன்காரர். முதலாளி செத்ததும் முதலாளியின் மனைவியைக் கட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் மருந்துக்கடை உரிமத்துக்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது. மாத்திரை உருட்டினார், மீனெண்ணெய் வடித்தார், சவர்க்காரத் தொழிற்சாலையும் வைத்தார். ஒரேயொரு முறை, பெயர் ஒத்துப்போன இரண்டு வீடுகளுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்து, நான்கு வயதுப் பிள்ளையொன்றைக் கொன்றும்விட்டார். அன்றிலிருந்து எந்தப் பொட்டலமும் தன் உள்ளங்கையில் ஒரு தரம் இருந்துவிட்டுத்தான் வெளியே போகவேண்டும் என்று சட்டம் போட்டார். செத்த பிறகும் சட்டம் அப்படியே இருந்தது.

கடை ஏழு பேர் கைமாறியது. ஒவ்வொருவரும் அலமாரிகளோடு சேர்த்து அவரையும் ஏற்றுக்கொண்டார்கள். வாசற்படியைத் தாண்டினால் மனிதர் உண்மையாகவே செத்துப்போவார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் மதியச் சாப்பாட்டுக்கு அவரை யாரும் வெளியே கூப்பிடுவதில்லை.

கஜேந்தினி அங்கே மருந்தாளர், ஒஸ்லோவில் பிறந்த பெண். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வரிசை கதவுவரை நின்றது. கோயிலுக்குப் போய்விட்டு வந்த இராஜேஸ்வரி, காதுவலிக்காரியான ஆறு வயது மகள் நிலானியின் மருந்தைக் கேட்டாள். எல்லோரிடமும் பிறந்த திகதி கேட்கும் கஜேந்தினிக்கு, கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடும் அக்காவிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. ‘தில்லைநாதன்’ என்றிருந்த பையை எடுத்தாள். அவசரத்தில் ஸ்டோல்ட் கிழவரின் கைக்கும் அனுப்பவில்லை. தகப்பனின் பெயர்தானே இங்கே பிள்ளைக்குக் குடும்பப்பெயர். பைக்குள் இருந்ததோ தகப்பன் தில்லைநாதனின் முதுகு அறுவைக்குப் பிறகான மோர்பின் வலிமருந்துப் போத்தல்; பிள்ளைக்கு அதில் ஒரு கரண்டியே நஞ்சு.

முக்கால் மணி நேரத்தில் ஸ்டோல்ட் ஒரு சிறிய பையை ஏந்திக்கொண்டு வந்து, பிள்ளையின் மருந்து இன்னும் கடையிலேயே இருக்கிறது என்று சொன்னார். கஜேந்தினி உடனே தொலைபேசியை எடுத்தாள். இராஜேஸ்வரி கோயிலில் நிறுத்திய கைபேசிச் சத்தத்தைத் திரும்பக் கூட்டவில்லை. மணி போய்க்கொண்டே இருந்தது. அம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது, பன்னிரண்டு நிமிடமாகும் என்றார்கள். ஒரு கரண்டி குடிக்கப் பன்னிரண்டு நிமிடம் எதற்கு? அவள் பதினாறாவது தடவை அழைத்தபோது, ஸ்டோல்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசற்படியைத் தாண்டினார். அவள் தடுக்கவில்லை. அதற்காக அவள் இன்றைக்கும் வெட்கப்படுகிறாள்.

பத்தொன்பதாவது தடவை இராஜேஸ்வரி எடுத்தாள்.

“தங்கச்சி, உங்கடை மருந்துக்கடை ஐயா பூட்டின கதவுக்குள்ளாலை வந்தவர். கரண்டி பிள்ளையின்ரை வாய்க்குக் கிட்டப் போகேக்கை பறிச்சுத் தானே குடிச்சுப்போட்டார்.”

“பிள்ளை குடிச்சவளோ அக்கா?”

“இல்லை. ஒரு சொட்டும் இல்லை.”

கஜேந்தினி வரிசையில் நின்றவர்களுக்கு முன்னாலேயே தரையில் குந்தியிருந்து அழுதாள். இராஜேஸ்வரியின் வீடுவரை, இரயிலில் இருபத்தைந்து நிமிடத் தூரத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

“மிச்சப் போத்தலையும் குடிச்சிட்டு சோபாவிலை படுத்திட்டார். எழுப்பட்டோ?”

“வேண்டாம் அக்கா. நூற்றறுபது வருசத்துக்கு மேலை அந்தாள் கண் மூடேல்லை.”

அம்புலன்ஸ்காரர்கள் நாடி பார்த்தார்கள். நாடி இல்லை, குறட்டை இருந்தது. தங்களுக்குள் கொஞ்சம் கதைத்துவிட்டு, அவருடைய சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். கஜேந்தினி இப்போது சொந்தத் தாயிடமும் பிறந்த திகதி கேட்கிறாள். சோபாவில் கிழவருக்கு இது மூன்றாவது குளிர்காலம். தில்லைநாதன் கதிரையொன்றைப் போட்டுக்கொண்டு பந்து விளையாட்டுப் பார்க்கிறார். பள்ளிக்கூடம் போகுமுன் நிலானி கிழவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்கிறாள். அவர் புரண்டு படுத்தால் மட்டும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கிறார்கள்.