ஒரு ள குறைந்த திட்டம்

1.

என் மச்சான் எனக்குத் தர வேண்டியது முந்நூற்று நாற்பது. இந்தக் கதை பிறந்ததே அந்தக் கடனால்தான். இலக்கிய ஆசை என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். வாசற்படியை உயர்த்தச் செங்கல் வாங்க வைத்திருந்த காசு அது. "திட்டத் துறை ஆபீஸ்ல வேலை பாக்குறவன், ஏமாத்துவேனா மாமா?" என்று வாங்கிப் போனான். அங்கே அவன் வேலை நாற்காலி அடுக்குவது.

"எழுதித் தொலைங்க, புலம்பலாவது நிக்கும்" என்றாள் என் மனைவி, அவனுடைய அக்கா. நான் கல் சுமக்கிறவன். எழுத்துக் கூட்டப் பழகியது நரை விழுந்த பிறகு. வாக்கியம் மூச்சு வாங்கினால் கொஞ்சம் நில்லுங்கள், நானும் நிற்கிறேன்.

2.

தொடக்கம் ஒன்று: மழை பெய்துகொண்டிருந்த

(அடித்துவிட்டேன். மழை பெய்தால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுத இடம் இருக்காது.)

தொடக்கம் இரண்டு: காலநிலை மாற்றத்தால் உலகம் எதிர்கொள்ளும்

(இதுவும் போகட்டும். யாரோ மேடையில் பேசி, நான் தூங்கிய வாக்கியம்.)

தொடக்கம் மூன்று: எங்கள் தெருவில் வளர்ந்தது சாலை மட்டும்தான்.

இது இருக்கட்டும். பழைய தாரைப் பெயர்க்காமல் அதன் தலைமேலேயே புதுத் தார் போடுவார்கள். மூன்று தடவை ஆகிவிட்டது. முன்பு வீட்டுக்குள் ஏறிப் போனோம். இப்போது இறங்கிப் போகிறோம். மழையும் பழைய மழை இல்லை. வந்தால் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் போகிறது. சாலைத் தண்ணீர் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்துவிடும். நாலாவது தார் அடுத்த மாதம் என்று பலகை வைத்துவிட்டார்கள்.

"படிய ஏத்துறீங்களா, இல்ல கட்டில் மேலயே அடுப்ப வைக்கட்டுமா?" என்றாள் என் மனைவி.

3.

மச்சானைப் போய்ப் பிடித்தேன்.

"காசு இல்ல மாமா. ஆபீஸ்ல ஒரு நாள் வேலை இருக்கு, வாங்க. கூலிய கடன்ல கழிச்சுக்கலாம்."

"நீ வாங்கின கடனுக்கு நான் வேலை செய்யணுமாடா?"

"சொந்தத்துக்குள்ள கணக்கு பாக்கலாமா?"

[மச்சான் இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கெட்டவனாக இருந்தால் கதைக்கு நல்லது. ஆனால் இதை அவன் அக்கா படிப்பாள்.]

கூட்ட அரங்கில், துணியின் மேல் தெர்மோகோல் எழுத்துகளைக் குத்த வேண்டும். 'தேசிய வளர்ச்சித் திட்டத்தில் காலநிலை மீள்திறன்.' அடி வாங்கினாலும் எழுந்து நிற்பதற்கு மீள்திறன் என்று பெயராம். பெட்டியில் ள ஒன்றுதான் இருந்தது. அதை வளர்ச்சி எடுத்துக்கொண்டது.

"மச்சான், மீள்றதுக்கு ள இல்லடா."

"ன போட்டு மேல புள்ளி வைங்க. எவன் பாக்கப் போறான்?"

"மீன்திறன்னு வருதே."

"புரியாத வார்த்தைன்னா அதிகாரிங்க கேள்வி கேக்க மாட்டாங்க மாமா. பயந்துக்குவாங்க."

4.

ஆணி நிற்காததால் துணியின் ஓர் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

எல்லாரும் படித்தார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியில் துறைத் தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த மீன்திறன் பத்தி யாராவது சொல்லுங்க."

ஓர் இளம் அதிகாரிக்கு வியர்த்தது. "அதாவது மேடம், வெள்ளம் வந்தா மீன் தப்பிச்சுப் போக ஒரு வழி இருக்கணும். அந்தத் திறன்."

"புதுசா இருக்கே."

"வெளிநாட்டுல எல்லாம் வந்திருச்சு மேடம்."

"அப்ப நம்ம திட்டத்துலயும் சேருங்க. மீன் போற வழிய காட்டாம எந்த ரோட்டுக்கும் பணம் கிடையாது."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். துணி விழுந்து தலைவி அம்மாவை மூடியது.

5.

இரண்டு வாரத்தில் ஓர் இன்ஜினியர் எங்கள் தெருவுக்கு வந்தார்.

"இங்க மீன் எந்த வழியா போகும்மா?"

"எங்க வீட்டு வழியாத்தான்" என்றாள் என் மனைவி. "கட்டிலுக்கு அடியில திரும்பி, அடுப்பப் பாத்துட்டு, பின்வாசல் வழியா போயிரும்."

அவர் அக்கறையாகக் குறித்துக்கொண்டார். "வீட்டுக்குள்ள போகக் கூடாதே. பழைய தாரைப் பெயர்த்து ரோட்டை இறக்கி, ஓரமா கால்வாய் வெட்டணும்."

திட்டப் புத்தகம் அச்சாகி வந்ததும் வேலை தொடங்கும் என்று சொல்லிப் போனார்.

6.

இங்கேயே முடித்திருப்பேன். நேற்று மச்சான் வந்தான். கையில் ஒரு தெர்மோகோல் ள.

"பெட்டி அடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு மாமா. புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போகுது. கொண்டு போய்க் குடுத்தா எனக்கு நல்ல பேரு."

"குடுத்தா?"

"மீள்திறன்னு திருத்திருவாங்க. மீன எடுத்துருவாங்க."

"கால்வாய்?"

"மீனே இல்லாதப்ப கால்வாய் எதுக்கு மாமா?"

மீள்திறன் வந்தால் நாங்கள் மூழ்குவோம். மீன் இருந்தால் பிழைப்போம். என் மனைவி எழுந்தாள். தம்பி கையிலிருந்த ளவை வாங்கி, ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் வைத்து, மேலே ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன, ஆடுதா?"

"ஆடலக்கா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "அந்த முந்நூத்தி நாப்பது..."

"எந்த முந்நூத்தி நாப்பது?" என்றேன்.

புத்தகம் எப்படி அச்சாகும் என்று நான் எழுதப் போவதில்லை. அச்சடிக்கிற இடத்தில் பிழை திருத்துகிறவர் யாராவது இதைப் படித்தால், ஐயா, அம்மா, அந்த வார்த்தை வரும்போது தேநீர் குடிக்கப் போய்விடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. என்னிடம் ரப்பர் இல்லை. மேலே போய் முதல் வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.