வெறும் வயிற்றில் கமாலுதீன்

பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் போய் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் பெர்சிஸ் சொன்னபோது வல்லரசு அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் லேபுக்குக் கிளம்பியவன் வழியில் ஒரு டீ, ஒரு பன். டீயெல்லாம் சாப்பாட்டில் சேருமா என்ற சந்தேகம் குடித்து முடித்த பிறகுதான் வந்தது. மறுநாள் சந்தேகத்துக்கே இடமில்லை. நாலு இட்லி, வடகறி.

இத்தனைக்கும் அவன் கிளினிக்குக்குப் போனது இருமலுக்கு. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஓர் அரிசி மண்டியின் மாடியில் வைத்தியம் பார்த்துவந்த பெர்சிஸ், 2006-இல் ஒரு புது வழக்கத்தை ஆரம்பித்திருந்தார். நாற்பது வயது தாண்டியவர் சளிக்கு வந்தாலும் சரி, சிரங்குக்கு வந்தாலும் சரி, கொழுப்புப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, நோட்டில் பேரைக் குறித்துக்கொள்வார். சீட்டோடு போனவர் திரும்பி வராவிட்டால் வீட்டுக்கு போன் போகும். வல்லரசு வீட்டுக்கு இரண்டு முறை போனது. இரண்டு முறையும் எடுத்தவள் அவன் மனைவி செங்கொடி. ரிசல்ட்டில் கொழுப்பு கூட வந்தால் வீட்டில் எண்ணெய்ச் சட்டியையே கவிழ்த்துவிடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

பேருக்கேற்ற உடம்பு வல்லரசுக்கு. தொண்ணூற்றிரண்டு கிலோ. என்ன வரும் என்று அவனுக்கே தெரியும். அப்போது ரம்ஜான் மாதம். எண்ணூர் ரோட்டுக் கன்டெய்னர் யார்டில் அவனோடு பதினைந்து வருஷமாக வேலை பார்க்கும் கமாலுதீன் நோன்பில் இருந்தான். ஊதினால் பறந்துவிடுகிற ஒல்லி. அவனைப் பார்த்ததும் வல்லரசுக்குப் புத்தி பளிச்சென்று வேலை செய்தது.

“பாய், நீதான் ஒண்ணும் துன்னாம கீறியே. என் சீட்டுக்கு நீ ரத்தம் குட்த்துடேன்.”

கமாலுதீன் ஒரு நாள் முழுக்க யோசித்தான். ரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டான். பொய்தான் இடித்தது. அதனால் லேபில் வாயைத் திறக்காமல் சீட்டை மட்டும் நீட்டுவதாக ஒப்புக்கொண்டான். அவர்களே பேரைப் படித்துக்கொண்டால் அவன் என்ன செய்வான்? அன்று வேலை முடிந்ததும் நாலரை மணிக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்தான்.

ரிசல்ட் வாங்கப் போன வல்லரசு, நல்ல மார்க் வரப்போகிற பையன் மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். பெர்சிஸ் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். முந்நூற்று நாற்பது என்றார். இருநூற்றுக்குள் இருக்க வேண்டியதாம். இவ்வளவு ஏறுவது சாப்பாட்டால் மட்டும் இருக்காது, சில குடும்பங்களில் பிறவியிலேயே வருவது, ஒல்லியானவர்களுக்கும் வரும் என்று சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் யாராவது சின்ன வயதில் நெஞ்சுவலியில் போனார்களா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அவன் அப்பன் எண்பது வயதில் வியாசர்பாடியில் கேரம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அது அவன் ரத்தம் இல்லையே. கமாலுதீனின் வாப்பா ஹார்பரில் வேலை நடுவே சாய்ந்தபோது வயது நாற்பத்து மூன்று. அண்ணன் போனது நாற்பத்தொன்றில். எங்கள் வம்சத்தில் நாற்பத்தைந்து தாண்டி எவனும் ஷேவ் பண்ணியதில்லை என்று கமாலுதீன் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான், கூடவே இவனும் சிரிப்பான். கமாலுதீனுக்கு இப்போது நாற்பத்திரண்டு. போன வாரம் கன்டெய்னர் ஏணியில் பாதியில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டான். நோன்பு அசதி என்றான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மானம் மிஞ்சும், ஆள் மாற்றி அனுப்பியதற்குச் செங்கொடியிடம் பாட்டு வாங்க வேண்டாம். அவ்வளவுதான் லாபம். அதற்காகத் தோஸ்தைக் காவு கொடுக்கவா?

“டாக்டரம்மா, அது என் ரத்தம் இல்ல.”

திட்டுவார் என்று குனிந்துகொண்டான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆள் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டார்.

அரை மணியில் கமாலுதீன் அங்கே இருந்தான். பொய் மாட்டிக்கொண்டது, அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, உள்ளே வந்ததுமே மன்னிப்புக் கேட்டான். பெர்சிஸ் அவன் இமையோரத்தில் கொழுப்பு படிந்திருந்த மஞ்சள் தடிப்பைத் தொட்டுப் பார்த்தார். வெயிலில் வந்தது என்றான், வாப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது என்றான். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. ஈசிஜி எடுத்தார்கள். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் நாளைக் காலை பெரியாஸ்பத்திரியில் இருதய டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், அவர் சொல்லும்வரை ஏணி ஏறக்கூடாது என்று கடிதம் எழுதினார். அவன் மகள் ஜன்னத்துக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். வல்லரசைத் திரும்பிப் பார்த்து, நாளைக்கு நீங்களும், உங்கள் சொந்த வயிற்றோடு வாருங்கள் என்றார்.

கடைசியாகக் கொழுப்புக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கமாலுதீனிடம் கொடுத்தார். அவன் பார்வை மாத்திரைச் சீட்டில் இருந்தது.

“எத்தினி நாளைக்குப் போடணும்?”

“ஆயுசுக்கும்,” என்றார் பெர்சிஸ். “ரிசல்ட் சரியாயிட்டாலும் நிறுத்தக் கூடாது. தினம் ராத்திரி ஒண்ணு.”

இந்த இடத்தில்தான் எல்லோர் முகமும் சுருங்கும். மூன்று மாதம் போதாதா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று பேரம் ஆரம்பமாகும். அதற்குத் தயாராக அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

கமாலுதீன் சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

“ஆயுசுக்குமா? அப்போ எனக்கு ஆயுசு கீதுன்றீங்க.”